முசூரியிலிருந்து பவானிசாகர் வரை: அரசுப் பணிப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கிளை நூலக மாடியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு உட்காருவது என் வழக்கம். நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியர். பி.எஸ்சி. முடித்து, மாநில அரசின் குரூப் 4 தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராக உள்ளே வந்தவன். ஐ.ஏ.எஸ். இல்லை. ஆனால் முசூரி ஐ.ஏ.எஸ். அகாடமியில் படித்துவிட்டு வந்த பயிற்சி உதவி ஆட்சியர்கள் நாலைந்து பேருக்கு, கிராமத்து நில விவரம் இருக்கும் ‘அ’ பதிவேட்டை எப்படிப் புரட்டுவது என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பதால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்பது இதில் கிடையாது, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் ‘ஐ.ஏ.எஸ். பயிற்சி மையம்’ என்று போர்டு இருக்கிறதே, அதுதானே இது?

அது வேறு. தமிழில் பரீட்சைக்குத் தயார் செய்வதையும் பயிற்சி என்கிறோம், வேலையில் சேர்த்துக்கொண்ட பிறகு அரசாங்கம் கற்றுக்கொடுப்பதையும் பயிற்சி என்கிறோம். முதலாவதற்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், இரண்டாவதற்கு அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் தருகிறது. ஒருமுறை பேருந்தில் ஒரு அம்மா, “பையன் மெட்ராஸ்ல ஐ.ஏ.எஸ். ட்ரெயினிங்ல இருக்கான்” என்றார். நானும் வாழ்த்துச் சொல்லிவிட்டு எந்த மாநிலத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டேன். பாவம், பையன் முதல்நிலைத் தேர்வே இன்னும் எழுதவில்லை. நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை.

எந்தப் பட்டம் இருந்தால் முசூரிக்குப் போகலாம்?

எந்தப் பட்டமானாலும் சரி, தொலைதூரக் கல்வியாக இருந்தாலும் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் கொடுத்ததாக இருந்தால் போதும். யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலை, முதன்மை, நேர்முகம் மூன்றையும் தாண்ட வேண்டும். வயது 21 முதல் 32 வரை, ஆறு முறை எழுதலாம். ஓ.பி.சி. என்றால் 35 வயது வரை ஒன்பது முறை. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும். இந்த ஒரே தேர்வில் இருந்துதான் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். (வெளியுறவுப் பணி), வருமான வரி, சுங்கம், தணிக்கை, அஞ்சல் என்று இருபதுக்கும் மேற்பட்ட பணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். வனப் பணிக்கு முதல்நிலை மட்டும் பொது, முதன்மைத் தேர்வு தனி.

அது ஏன் முசூரியில்? மலை மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே?

முதலில் டெல்லியில்தான் இருந்தது. 1947 ஏப்ரல் 21 அன்று டெல்லி மெட்காஃப் ஹவுஸில் முதல் ஐ.ஏ.எஸ். பயிற்சியாளர்களிடம் வல்லபாய் படேல் பேசினார், அந்த நாளைத்தான் இப்போது குடிமைப் பணிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பிறகு 1959இல் முசூரியில் சார்லவில் என்ற பழைய ஹோட்டலை வாங்கி அகாடமியை அங்கே கொண்டுபோனார்கள். 1972இல் லால் பகதூர் சாஸ்திரி பெயரை வைத்தார்கள். ஆறாயிரம் அடிக்கு மேல் உயரம். டேராடூன் வரை ரயில், அதற்கு மேல் வளைந்து வளைந்து மலைப்பாதை. ஏற்காடு பாதையிலேயே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போகிறவர்கள் தயாராகப் போங்கள். விடுதிகளுக்கு கங்கா, நர்மதா, மகாநதி என்று ஆற்றுப் பெயர்கள், அதில் காவேரியும் உண்டு.

முசூரியில் சேர்ந்த முதல் நூறு நாளில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

அதற்கு அடிப்படைப் பயிற்சி என்று பெயர், சுமார் பதினைந்து வாரம். ஐ.ஏ.எஸ். ஆகப் போகிறவர், காவல் துறைக்குப் போகிறவர், வனத் துறைக்குப் போகிறவர், வருமான வரிக்குப் போகிறவர் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். எல்லோருக்கும் முசூரியில் இடம் போதாது என்பதால் சில பணிக்காரர்களை ஹைதராபாத் போன்ற ஊர்களில் உள்ள வேறு நிறுவனங்களுக்கும் அனுப்புவது உண்டு.

காலை ஆறு மணிக்கெல்லாம் மைதானத்தில் உடற்பயிற்சி. குளிரில் பல்லு தந்தியடிக்கும், இருந்தாலும் வந்தாக வேண்டும், வருகைப் பதிவு எடுப்பார்கள். அப்புறம் பகல் முழுக்க வகுப்பு: அரசியல் சட்டம், சட்டம், பொது நிர்வாகம், பொருளாதாரம், வரலாறு, மொழி. இதில் பாதியைத் தேர்வுக்கே மூன்று நாலு வருடம் உருப்போட்டிருப்பார்கள், அதனால் கொட்டாவி விடுகிறவர்களும் உண்டு என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். வகுப்புக்கு வெளியே நடப்பதுதான் மனசில் நிற்குமாம். இமயமலையில் ஒரு வாரத்துக்கு மேல் மூட்டையைச் சுமந்துகொண்டு நடை. ஒரு வாரம் போல ஏதாவது ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது. ஒவ்வொரு மாநிலத்துக்காரரும் தங்கள் ஊர் உடை உடுத்தி, தங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து வைக்கும் ஒரு நாள். ஓரங்க நாடகம், குதிரையேற்றம், மேடைப் பேச்சு.

வேலைக்கு உதவாத ஆட்டம்பாட்டம் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். ஒருமுறை வெள்ள நேரத்தில் ஒரு உதவி ஆட்சியர், பக்கத்து மாவட்டத்தில் காவல் துறையில் இருந்த தன் பேட்ச்காரரை ராத்திரி இரண்டு மணிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடிதம் எதுவும் இல்லாமல், கோப்பு எதுவும் நகராமல், பத்தே நிமிடத்தில் ஒரு பாலத்தை அடைக்க வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த மலை நடையைப் பற்றி நான் கேலி பேசுவதில்லை.

எனக்கு இந்தி ஒரு எழுத்துத் தெரியாது. தமிழ் வழியில் படித்தவன். சமாளிக்க முடியுமா?

முடியும். தமிழிலேயே முதன்மைத் தேர்வு எழுதிப் போனவர்கள் இருக்கிறார்கள். வகுப்புகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கும், ஆகவே ஆங்கிலத்தில் பேச்சைக் கேட்டு, குறிப்பெடுத்து, கை தூக்கி ஒரு கேள்வி கேட்கிற அளவுக்குப் பழகிக்கொண்டு போங்கள். இந்தி தெரியாதவர்களுக்கு இந்தி வகுப்பு உண்டு. அதைவிட முக்கியம், உங்களுக்கு எந்த மாநிலம் ஒதுக்குகிறார்களோ அந்த மாநில மொழியைப் படித்துத் தேர்வு எழுதித் தேற வேண்டும். ராஜஸ்தான்காரர் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டால் அவர் தமிழ் படிக்க வேண்டும், நீங்கள் ஒடிசாவுக்குப் போனால் ஒடியா. முசூரியில் தமிழ் படித்து வந்த ஒரு அதிகாரி எங்கள் அலுவலகத்தில் முதல் நாள், “தாங்கள் சிற்றுண்டி அருந்தினீர்களா?” என்று கடைநிலை ஊழியரான டவாலியிடம் கேட்டார். அந்த மனுஷன் ஆடிப்போய்விட்டார். மூன்றே மாதத்தில் அதே அதிகாரி “என்னப்பா, கரண்ட் போச்சா?” என்று பேசினார்.

பயிற்சிக் காலத்தில் சம்பளமா, உதவித்தொகையா?

சம்பளம். ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படை 56,100 ரூபாய், அதோடு அகவிலைப்படி. மெஸ், விடுதி என்று பிடித்தம் போகும். கழுத்து மூடிய பந்த்காலா கோட்டு, ஷூ, கம்பளி என்று முதல் மாதமே ஒரு செலவு வரும், கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு போங்கள்.

நூறு நாள் முடிந்ததும் எல்லோரும் எங்கே போவார்கள்?

ஐ.ஏ.எஸ். மட்டும் முசூரியிலேயே தொடரும். மற்றவர்கள் அவரவர் அகாடமிக்கு மூட்டை கட்டுவார்கள். ஐ.பி.எஸ். என்றால் ஹைதராபாத் வல்லபாய் படேல் தேசியக் காவல் அகாடமி. 1948இல் மவுண்ட் அபுவில் தொடங்கி 1975இல் ஹைதராபாத்துக்கு வந்தது. சட்டம், புலனாய்வு, தடயவியல், துப்பாக்கி, நீச்சல், குதிரை என்று உடம்பையும் மூளையையும் ஒன்றாக வாட்டும் இடம். வருமான வரிக்காரர்கள் நாக்பூர், தணிக்கைக்காரர்கள் சிம்லா, வனத் துறையினர் டேராடூன், அஞ்சல் துறையினர் காஜியாபாத், வெளியுறவுப் பணியினர் டெல்லி. மறைமுக வரி, சுங்கத் துறைக்காரர்களுக்கு ஆந்திராவில் பாலசமுத்திரம் என்ற இடத்தில் 2024 ஜனவரியில் புது வளாகம் திறந்தார்கள். இந்துபூர் பக்கம், நமக்குக் கிட்டத்தில்.

பாரத தரிசனம் என்று ஊர் சுற்றுகிறார்களே, அது அரசு செலவில் டூரா?

எங்கள் தாசில்தார் ஒருவர் அப்படித்தான் சொல்வார், கொஞ்சம் பொறாமையோடு. குளிர்காலத்தில் ஐ.ஏ.எஸ். பயிற்சியாளர்களைக் குழு குழுவாகப் பிரித்து நாடு முழுக்க அனுப்புவார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை முகாம்களில் தங்குவார்கள். பொதுத்துறை நிறுவனங்கள், பழங்குடிப் பகுதிகள், தொண்டு நிறுவனங்கள் என்று நீளும். புகைப்படங்களில் பார்த்தால் டூர் மாதிரிதான் இருக்கும். ஆனால் மூட்டை முடிச்சோடு இரண்டு நாளுக்கு ஒரு ஊர் என்று வாரக்கணக்கில் அலைந்தவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மாவட்டப் பயிற்சி என்றால் என்ன? அப்போது அவருக்கு அதிகாரம் உண்டா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். முசூரியில் முதல் கட்டம் முடிந்ததும், ஒதுக்கிய மாநிலத்தில் ஒரு மாவட்டத்துக்கு அனுப்புவார்கள், ஏறத்தாழ ஒரு வருடம். பேப்பரில் ‘உதவி ஆட்சியர் (பயிற்சி)’ என்று போடுகிறார்களே, அவர்தான். மாவட்ட ஆட்சியர் ஒரு அட்டவணை போட்டுக் கொடுப்பார்: கருவூலத்தில் சில நாள், காவல் நிலையத்தில் சில நாள், நீதிமன்றம், வட்டார வளர்ச்சி அலுவலகம், நில அளவை, வட்டாட்சியர் அலுவலகம், கிராம நிர்வாக அலுவலரோடு சில வாரம். நடுவில் சில வாரம் ஏதாவது ஒரு அலுவலகத்துக்குத் தனிப் பொறுப்பும் கொடுப்பது உண்டு. பல இடத்தில் அவர் வெறும் பார்வையாளர்தான். ஆனால் வாசலில் காரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். எழுந்து நிற்கிறவர் உண்மையைச் சொல்ல மாட்டார்.

ஒருவர் இருந்தார், வடக்கே ஏதோ ஒரு சின்ன ஊர்க்காரர். முதல் வாரமே காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் வி.ஏ.ஓ.வின் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கிளம்பிவிட்டார். அந்த வி.ஏ.ஓ. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனுஷர். ஒரு வண்டிப்பாதைத் தகராறு வந்தது. நில அளவை வரைபடமான புலப்படத்தில் பாதை இல்லை, தரையில் பாதை இருக்கிறது. பட்டாதாரர் வேலி போட்டுவிட்டார். பயிற்சி அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டி, அனுபவப் பாத்தியம் அது இது என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். வி.ஏ.ஓ. அதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, “சார், நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வாங்க. யார் மாடு எந்தப் பக்கமா போகுதுன்னு பார்ப்போம். அப்புறம் எழுதலாம்” என்றார். போனார்கள். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை ஒரு வேப்பமரத்தடியில் நின்று எண்ணினார்கள். எட்டு மணிக்குப் பார்த்தால் வேலி போட்டவரின் தம்பியே அதே வழியில் பால் கேனோடு வருகிறார். அதிகாரி தான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு, அந்த எண்ணிக்கையை வைத்துப் புதிதாக எழுதினார்.

ஜமாபந்தி சமயத்தில் வந்து சேர்கிறவர்களுக்கு அதிர்ஷ்டம். வருடக் கணக்கை மொத்தமாகத் தணிக்கை செய்கிற நேரம், ஒரு வட்டத்தின் எல்லாக் கிராமக் கணக்கும் ஒரே பந்தலுக்குள் வந்துவிடும். “அது என்ன பசலி 1434?” என்று எல்லாப் பயிற்சியாளரும் கேட்பார்கள். ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிற வருவாய் ஆண்டு அது. ஜூலையில் உள்ள ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழித்தால் வந்துவிடும், 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. பயிர்க் கணக்கான அடங்கல், பட்டாதாரர் வாரியான நிலக் கணக்கான சிட்டா, ‘அ’ பதிவேடு மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், பிற்பாடு சார் ஆட்சியராக உட்காரும்போது யாரும் அவரை லேசில் ஏமாற்ற முடியாது. பயிற்சிக் காலத்தில் இதைக் கற்றுக்கொள்ளாதவர்களையும் பார்த்திருக்கிறேன். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் “பேசவும்”, அதாவது நேரில் வந்து விளக்கு, என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

இது முடிந்ததும் திரும்ப முசூரியில் இரண்டாம் கட்டம், பார்த்ததை எல்லாம் வைத்து விவாதம். 2013 பேட்ச் முதல், அதாவது 2015இல் இருந்து, மாநிலத்தில் பதவி ஏற்கும் முன் டெல்லியில் மத்திய அமைச்சகங்களில் உதவிச் செயலாளராகச் சில வாரங்கள் இருந்துவிட்டு வருகிறார்கள்.

பயிற்சியில் தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

சட்டத்தில் இடம் இருக்கிறது. ஐ.ஏ.எஸ்.ஸில் முதல் இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். தேர்வில் தேறவில்லை, நடத்தை சரியில்லை, பணிக்கு எடுக்கவே தகுதி இல்லாதவர் என்று தெரிந்தால் விடுவிக்கலாம். 2024இல் மகாராஷ்டிரத்தில் மாவட்டப் பயிற்சியில் இருந்த ஒருவரின் தேர்வை யு.பி.எஸ்.சி. ரத்து செய்து, மத்திய அரசு அவரைப் பணியிலிருந்து விடுவித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். சாதாரணமாக மதிப்பெண் குறைந்தால் மறுபடி எழுதச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மதிப்பெண்ணை அலட்சியமாக நினைக்க வேண்டாம்: யு.பி.எஸ்.சி. மதிப்பெண்ணோடு அகாடமி மதிப்பெண்ணும் சேர்ந்துதான் ஒரே பேட்சுக்குள் யார் சீனியர் என்பது முடிவாகிறது.

பிடிக்கவில்லை என்றால் நடுவில் விட்டுவிட்டு வரலாமா? இன்னொரு முறை தேர்வு எழுதலாமா?

விடலாம், ஆனால் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்துதான் சேருகிறீர்கள், பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் சுபாஷ் சந்திர போஸே ஐ.சி.எஸ். தேறிவிட்டு 1921இல், பயிற்சிக் காலத்திலேயே விட்டு விலகினார்.

மறுபடி எழுதுவதைப் பொறுத்தவரை, ஐ.ஏ.எஸ். அல்லது ஐ.எஃப்.எஸ்.ஸில் சேர்ந்துவிட்டால் அந்தப் பணியில் இருந்துகொண்டு திரும்ப எழுத முடியாது. மற்ற பணிகளில் இருப்பவர்கள் ரேங்க்கை உயர்த்திக்கொள்ள எழுதுவது ரொம்ப காலமாக நடப்பதுதான். அதற்கான நிபந்தனைகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே நண்பர் சொன்னார், யூடியூபில் சொன்னார்கள் என்று இல்லாமல் நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிக்கையை வரிவரியாக வாசியுங்கள்.

குரூப் 1 எழுதித் துணை ஆட்சியர் ஆனால்?

அடிப்படைச் சம்பளம் அங்கேயும் 56,100தான். பயிற்சி மாநிலத்துக்குள். துணை ஆட்சியருக்குச் சென்னையில் வகுப்பு, பிறகு மாவட்டத்தில் ஐ.ஏ.எஸ். பயிற்சியாளர் சுற்றுகிற அதே சுற்று. டி.எஸ்.பி. என்றால் வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் உள்ள காவல் அகாடமி. குதிரை உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள், டி.எஸ்.பி.க்கு உண்டு.

குரூப் 2, குரூப் 4 மூலம் வருகிறவர்களுக்குப் பயிற்சியே கிடையாதா?

உண்டு, அதற்குப் பெயர் பவானிசாகர். ஈரோடு மாவட்டத்தில் அணைக்கட்டுப் பக்கத்தில் அரசு அலுவலர் பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் யாரிடமாவது “பவானிசாகர் முடிச்சாச்சா?” என்று கேட்டுப் பாருங்கள், அணையைப் பார்த்தாச்சா என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உதவியாளர், இளநிலை உதவியாளர் எல்லோரும் சில வாரங்கள் அங்கே தங்கி, அலுவலக நடைமுறை, விடுப்பு விதிகள், அடிப்படை விதிகள், 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள், தகவல் அறியும் உரிமைச் சட்டம், குறிப்பெழுதுவது, வரைவு எழுதுவது எல்லாம் படிக்க வேண்டும். அது முடிந்தால்தான் தகுதிகாண் பருவம் முடிந்ததாக உத்தரவு வரும், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறும்.

என் குறை என்னவென்றால், இது ரொம்பத் தாமதமாக வருகிறது. முசூரிக்காரர் முதலில் படித்துவிட்டுப் பிறகு நாற்காலியில் உட்காருகிறார். நாங்கள் சேர்ந்த அன்றைக்கே நாற்காலி, மேசை மேல் இருநூறு கோப்பு, “தன்பதிவேட்டை வாங்கிக்கோப்பா” என்று ஒரு குரல், அவ்வளவுதான். (கைக்கு வருகிற கோப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு அது.) என் பெயரை நான் அப்போது வேலை பார்த்த அலுவலகம் பயிற்சிக்கு அனுப்பவே மறந்துபோய், எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் போய்விட்டு வந்து எனக்கே அணை மீன் வறுவலின் பெருமையைச் சொன்னார்கள். நான் போகும்போது சேர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே இரண்டாம் நாள் வகுப்பில், ஒரு கோப்பை முடிக்கும்போது அது பத்தாண்டு முடிவா நிரந்தர முடிவா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது என்று நடத்தினார்கள். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. மூன்று வருடமாக நான் முடித்த கோப்புகளில் பத்தாண்டில் அழித்துவிடலாம் என்று எழுதக் கூடாதவற்றிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன், அரசு நிலத்தை ஒருவருக்கு வழங்கும் நில ஒப்படைக் கோப்புகள் உட்பட. பக்கத்து சீட்டுக்காரர் அப்படி எழுதியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஊருக்குத் திரும்பியதும் பதிவறையில் நாலு நாள் தூசியில் உட்கார்ந்து தேடித் தேடித் திருத்தினேன். சேர்ந்த முதல் மாதமே என்னை அங்கே அனுப்பியிருந்தால் அந்த நாலு நாளும் மிச்சம், யாரோ ஒருவருடைய ஒப்படைக் கோப்பும் அழிகிற பட்டியலில் ஏறியிருக்காது.

ஆகவே சேர்ந்த உடனே பயிற்சிக்கு உங்கள் பெயர் போய்விட்டதா என்று பணியமைப்புப் பிரிவில் கேளுங்கள். ஒருமுறை கேட்டால் போதாது.

துறைத் தேர்வு என்கிறார்களே, அதுவும் பயிற்சியில் சேர்த்தியா?

தனி. டி.என்.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரிலும் நடத்துகிறது. கணக்குத் தேர்வு, அலுவலக நடைமுறை நூல் தேர்வு, எங்கள் துறை என்றால் வருவாய்த் தேர்வுகள். சிலவற்றைப் புத்தகம் பார்த்தே எழுதலாம். உடனே சந்தோஷப்படாதீர்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாதவருக்குப் புத்தகம் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. சேர்ந்த முதல் வருடமே, குடும்பம் குட்டி என்று ஆவதற்குள் எழுதித் தள்ளிவிடுங்கள்.

சரி, தேர்வுக்குத் தயாராகும் அந்த முதல் வகைப் பயிற்சிக்குப் பணம் இல்லையே?

அரசே நடத்துவது இருக்கிறது. சென்னை கிரீன்வேஸ் சாலையில் அகில இந்திய குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம், தங்கிப் படிக்கலாம், நுழைவுத் தேர்வு உண்டு. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் மதுரையில் காமராசர் பல்கலைக்கழகத்திலும் கிளைகள். டெல்லி ஜாமியா மில்லியாவில் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் விடுதி வசதியோடு இலவசப் பயிற்சி உண்டு. நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள், முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். மாதம் 7,500 என்பது கிராமத்துப் பெண் பிள்ளைக்கு ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், முதலில் வேலைக்குப் போ’ என்ற வீட்டுப் பேச்சைப் பத்து மாதம் தள்ளிப்போடுகிற தொகை. விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

அதிகாரிகளைக் கல்லூரி வைத்துப் பயிற்றுவிப்பது சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததா?

அதற்கு ரொம்ப முன்பே. கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் 1800இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கியது. சென்னையில் 1812இல் எல்லீஸ் என்கிற ஆட்சியர் முயற்சியில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வந்தது, சென்னைக் கல்விச் சங்கம் என்றும் சொல்வார்கள். இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய இளவட்ட அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிய அதே எல்லீஸ்தான். தாண்டவராய முதலியார் போன்ற பண்டிதர்கள் அங்கே தமிழ் நடத்தினார்கள். நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு என்று ஒன்று இருக்கிறதே, அந்தக் கல்லூரியால் வந்த பெயர். இன்றைக்கும் ஆசிரியர் பணி மாறுதலுக்கு அங்கே இருக்கிற கல்வித் துறை அலுவலகத்துக்கு அலைகிறவர்களுக்கு இது ஒன்றும் ஆறுதலாக இருக்காது.

பயிற்சியில் இருக்கும்போதே பெண் கொடுக்க வருகிறார்கள், நூறு பவுன் பேசுகிறார்கள்…

வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் நடத்தை விதிப்படி குற்றம், நாட்டின் சட்டப்படியும் குற்றம். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் மாமா பேசினார் என்று சொன்னால் எடுபடாது. மாமாவிடம் முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

பயிற்சிக்குக் கிளம்பும்போது என்ன எடுத்துக்கொண்டு போவது?

முசூரி என்றால் தெர்மல் உள்ளாடை இரண்டு ஜோடி, வழுக்காத ஷூ, பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வந்த பல். அசல் சான்றிதழ்களோடு ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நகல். தமிழ்ச் சமையல் ஒன்றாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மாநில உணவு நாளன்று நம்மவர்கள் புளியோதரையைக் குழைத்து வைத்த கதையை இரண்டு பேட்ச்காரர்கள் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். பவானிசாகர் என்றால் போர்வை, கொசுவர்த்தி, விடுவிப்பு ஆணையின் நகல். அப்புறம் உங்கள் மேசையில் இப்போது இருக்கிற கோப்புகளிலேயே எதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் அடியில் தள்ளி வைத்திருக்கிறீர்களே, அதில் ஒரு ஐந்தின் விவரத்தைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பேர், சர்வே எண் எல்லாம் அடித்துவிட்டு. வகுப்பு முடிந்த பிறகு டீ இடைவேளையில் அங்கே நடத்துகிறவரிடம் காட்டினால் அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். என்னிடம் அன்றைக்கு அப்படி ஒரு தாள் இல்லை.